வீட்டைக் காட்டாத ரெக்கார்டர்

கம்ப்யூட்டர் திரையைப் படம் பிடித்து, குரல் கொடுத்துப் பாடம் சொல்லும் எங்கள் தொழிலில் முகம் தெரியாது, அதனால் தலை வாராமல்கூட உட்காரலாம். மற்றதெல்லாம் தெரிந்துவிடும் என்பதைத்தான் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

நல்ல ஸ்கிரீன் ரெக்கார்டர் எது என்று தேடி, இலவசம் என்று எழுதியிருந்ததை எல்லாம் இறக்கி, பழைய லேப்டாப்பைக் கொதிக்க வைத்தவர் உங்களில் யாராவது இருந்தால், வாங்க, பக்கத்தில் உட்காருங்க. நான் இரண்டு மாதத்துக்குள் ஐந்து மாற்றினேன். ஐந்திலும் மானம் போனது. அதைச் சொன்னால் உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

கல்யாணத்துக்கு முன்பு வலங்கைமானில் அமுதா மேடம் நடத்தும் ஆன்லைன் மனு சென்டரில் வேலை பார்த்தேன். வருமானச் சான்று, சாதிச் சான்று, பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் எடுத்துக் கொடுப்பது. இனியா பிறந்ததும் நின்றுவிட்டேன். அவளுக்கு மூன்று வயதானபோது மேடமே போன் செய்தார். பயிர் இன்சூரன்ஸ் சமயத்தில் கூட்டம் தாங்கவில்லை, போனிலேயே இதையெல்லாம் எப்படி எடுப்பது என்று வீடியோ போட்டுக் கொடு, ஜனங்களுக்குப் புரிந்தால் வீட்டிலிருந்தே நிரந்தர வேலை என்றார். பன்னிரண்டாவதோடு நின்ற எனக்கு என் பெயரில் இருந்த ஒரே வேலை அது. திரும்பக் கிடைக்கும் என்றதும் அன்றைக்குச் சாம்பாரில் உப்பு இரண்டு தடவை விழுந்தது.

லேப்டாப் கொடுத்தது என் நாத்தனார், மல்லிகா அண்ணி. என் வீட்டுக்காரருக்கு அக்கா, நன்னிலத்துப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். அவர் பெண் பள்ளிக்கூடத்தில் வாங்கிய லேப்டாப் அலமாரியில் சும்மா இருந்தது. அதைத் துணிப்பையில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து கொடுத்தார். என் வீட்டுக்காரர் நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறவர், பாதி நாள் வேறு ஜில்லாவில் இருப்பார். அதனால் வேலைக்குச் சம்மதம் தர வேண்டியவர் என் மாமியார்தான். தந்தார், ஒரு நிபந்தனையோடு.

"வீட்ல உக்காந்து பேசு, வேணாங்கல. நம்ம வீட்டு விஷயம் ஒண்ணே ஒண்ணு வெளியே போனாலும் அந்தப் பொட்டிய மல்லிகாகிட்டயே திருப்பிக் குடுத்துரணும், ஆமா."

நடுவில் நின்ற பெயர்

முதல் சாஃப்ட்வேர் இலவசம். இறக்கும்போது சொல்லாத ஒரு விஷயத்தைப் பதிவு முடிந்த பிறகு சொன்னது: தன் பெயரைத் திரைக்கு நடுவில் குறுக்காக, சாம்பல் நிறத்தில், பெரிதாக எழுதி வைத்திருந்தது. நீக்க வேண்டுமென்றால் காசு கட்ட வேண்டுமாம். லேசாகத்தானே தெரிகிறது, யார் கவனிக்கப் போகிறார்கள் என்று வருமானச் சான்று வீடியோவை அப்படியே சென்டர் குரூப்பிலும் சேனலிலும் போட்டுவிட்டேன்.

இரண்டு நாளில் ஒரு பெரியவர் சென்டருக்கு வந்தார், மனு ஏன் திரும்பி வந்தது என்று கேட்டு. மேடம் திறந்து பார்த்தார். விண்ணப்பதாரர் பெயர் என்ற கட்டத்தில் அந்த சாஃப்ட்வேர் கம்பெனியின் பெயர், எழுத்துப் பிசகாமல் இங்கிலீஷில் இருந்தது. என்னோடு போனில் பேச வேண்டும் என்றார் பெரியவர். கோபமாகக்கூடப் பேசவில்லை. அதுதான் கூசியது.

"நடுவுல அவ்ளோ பெருசா எழுதியிருந்தீங்களேம்மா, எழுதலேன்னா தப்பாயிருமோன்னு பயந்துகிட்டு எழுதிட்டேன்."

பத்தாவது நிமிஷம்

இரண்டாவது சாஃப்ட்வேர் பெயர் எழுதவில்லை. நல்லதாகப் போயிற்று என்று, வயலில் என்ன பயிர் என்று காட்டும் அடங்கலை எடுப்பதைப் பற்றி இருபத்தைந்து நிமிஷம் மூச்சு விடாமல் பேசினேன். கடைசியில் நன்றி வணக்கம் கூடச் சொன்னேன். அது பத்தாவது நிமிஷத்திலேயே நின்றுவிட்டிருந்தது. மீதிப் பதினைந்து நிமிஷம் நான் சுவரோடு பேசியிருக்கிறேன். அனுப்புவதற்கு முன்னால் முழுசாகப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது தெரியாதா என்று கேட்காதீர்கள். இனியா தூங்குவது மொத்தம் ஒரு மணி நேரம். அதில் பேசுவதா, பேசியதைக் கேட்பதா?

அது நின்ற இடம்தான் கொடுமை. "இப்போது மிகவும் கவனமாக இருங்கள், இதை மட்டும் அழுத்திவிட்டால் உங்கள்" என்பதோடு திரை கறுத்துவிட்டது. அந்த வாரம் பால் சொசைட்டியில் எங்கள் தெரு கலாக்காவைப் பார்த்தேன். பால் கேனைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எதை அழுத்தினா என்ன ஆகும்னு சொல்லாமயே போயிட்டியேடி, நாலு நாளா எம்புள்ளைக்குக்கூட நான் போன் போடல."

மீன்காரம்மா வந்த நேரம்

மூன்றாவதற்கு நேரக் கணக்கே கிடையாது. குரலையும் தானே பெரிதாக்கித் தெளிவாக்கித் தரும் என்று போட்டிருந்தது. தந்தது. என் குரலை மட்டும் தெளிவாக்கச் சொல்லியிருக்க வேண்டும். நான் கூடத்தில் உட்கார்ந்து, "அன்பார்ந்த நேயர்களே, அடுத்ததாக வட்டத்தைத் தேர்வு செய்யவும்" என்று ரேடியோக்காரி மாதிரிப் பேசிக்கொண்டிருக்கிறேன். பின்னாலிருந்து இனியா, "அம்மா, ஆய் போயிட்டேன், கழுவி விடு" என்கிறாள். நான் அதே ரேடியோக் குரலில், "ஒரு நிமிஷம் இரு தங்கம், அம்மா கிராமத்தைத் தேர்வு செய்துட்டு வர்றேன்" என்கிறேன்.

அதோடு போயிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பார்கள். வாசலில் மீன்காரம்மாவிடம் மாமியார் பேசியதும் விழுந்திருந்தது. கெண்டை என்ன விலை, செவுள் ஏன் வெளுத்திருக்கிறது, அப்புறம் நான். "எங்க, ஆறரைக்கு முன்னாடி எந்திரிக்கறதே இல்ல. ராத்திரி சோத்துல தண்ணி ஊத்தறதுகூட நான்தான்." மூன்று கிராமத்து ஜனம் கேட்டது. வீட்டு விஷயம் வெளியே போயிற்றே, லேப்டாப்பை மூடச் சொல்வாரோ என்று பயந்தேன். ஆனால் விட்டது அவர்தானே? அதைச் சொல்லலாம் என்று அவரிடம் வீடியோவைப் போட்டுக் காட்டினேன். கடைசி வரைக்கும் கேட்டார்.

"நான் சொன்னதுல ஒரு பொய் இருக்கா, சொல்லு. இத வெளில விட்டவதான் நீ."

ஒன்று, இரண்டு, மூன்று

அதற்குப் பிறகு பேசும் இடத்தை மாற்றிக்கொண்டேன். குறுவை நெல் மூட்டை அடுக்கிய உள் அறை. மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்தால் எதிரொலியே கிடையாது, வாசல் சத்தமும் வராது. உடம்பெல்லாம் நெல் சுணை பட்டு அரிக்கும், அவ்வளவுதான். காசு கொடுத்து அறைக்கு மெத்தை ஒட்டுகிறவர்கள் எங்கள் ஊருக்கு வந்து பார்க்க வேண்டும்.

நான்காவது சாஃப்ட்வேர் சத்தத்தில் தங்கம். பொத்தானை அழுத்தினால் மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணிவிட்டுத்தான் ஆரம்பிக்கும். அது எண்ணும்போதே பிடிக்க ஆரம்பித்துவிடுகிறது என்பதும், பாடம் இருக்கிற ஜன்னலை மட்டும் இல்லாமல் முழுத் திரையையும் பிடிக்கிறது என்பதும் எனக்குத் தெரியாது. மேடம் தினம் அனுப்பும் வேலைகளை நான் ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்திருந்தேன். அதற்கு அவசரத்தில் "மேடம் தொல்லை" என்று பெயர் வைத்திருந்தேன். நிறைந்ததும் "மேடம் தொல்லை 2". அப்புறம், இனி வரப்போவதற்கு முன்கூட்டியே 3. மூன்றும் வரிசையாக, கொட்டை எழுத்தில், எண்ணி முடிக்கும் வரை திரையில் நின்றன.

வீடியோவை மேடம் சென்டர் டிவியில், வரிசையில் நிற்கிறவர்கள் பார்க்கட்டும் என்று காலையிலிருந்து ஓட விட்டிருக்கிறார். மத்தியானம் போன் வந்தது. வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"மொத ரெண்டு தொல்லைல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும் சுகன்யா, மூணாவதுக்கு நான் இன்னும் எதுவுமே அனுப்பலியேம்மா."

மஞ்சள் வட்டம்

ஐந்தாவதை எல்லாம் விசாரித்தே தேர்ந்தெடுத்தேன். பெயர் எழுதாது, பாதியில் நிற்காது, பிடிக்கச் சொன்ன ஜன்னலை மட்டும் பிடிக்கும். பிள்ளை அழுதால் நிறுத்தி வைத்துத் தொடரலாம். கரண்ட் போனாலும் அதுவரை பிடித்தது கெட்டுப்போகாது. எல்லாவற்றுக்கும் மேலே, அம்புக்குறியைச் சுற்றி ஒரு மஞ்சள் வட்டம் போடும், நாம் அழுத்துகிற இடத்தைத் தானாகவே பெரிதாக்கிக் காட்டும். சின்ன போனில் எழுத்து தெரியவில்லை என்று மல்லிகா அண்ணி ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். என் வீடியோ ஒவ்வொன்றையும் முதலில் பார்ப்பதும், கும்பிடு பொம்மை போடுவதும், "எந்தம்பி பொண்டாட்டி பேசினது" என்று ஊருக்கெல்லாம் அனுப்புவதும் அவர்தான்.

இதில் பிடித்த முதல் பாடம், சிட்டா எடுப்பது. உதாரணத்துக்கு யாருடைய பட்டா எண்ணைப் போடுவது? சென்டரில் வேலை பார்த்தவளுக்கு அடுத்தவர் கொடுத்த காகிதத்தை ஊருக்குக் காட்ட மனசு வராது. எங்கள் வீட்டுப் பட்டாவையே போட்டேன். ஆயிரம் பேருக்கு எடுத்துக் கொடுத்த கை, சொந்த வீட்டுக்கு அன்றுதான் முதல் தடவை எடுக்கிறது. மாமனார் கோவிந்தராசு தவறிய பிறகு அண்ணி தன் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார், நிலம் மாமியார் பெயரிலும் என் வீட்டுக்காரர் பெயரிலும்தான் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அண்ணிக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். அதனால்தான் ஒவ்வொரு பொங்கலுக்கும் வந்து, விருந்தாளி மாதிரி வயலை வரப்பிலேயே நின்று பார்த்துவிட்டுப் போவார்.

நான் பேச வேண்டியதை எழுதி வைத்த தாளைப் பார்த்தேன், ஓடுகிற நேரத்தைப் பார்த்தேன், வட்டம் மஞ்சளாக இருக்கிறதா என்று பார்த்தேன். பெயர்களைப் பார்க்கவில்லை. "இங்கே உரிமையாளர்கள் பெயர் வரும். எல்லாப் பெயரும் சரியாக இருக்கிறதா என்று நிதானமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, பட்டியலின் கடைசி வரியில் அழுத்தினேன். சாஃப்ட்வேர் சொன்ன வேலையைச் செய்தது. "3. கோவிந்தராசு மகள் மல்லிகா" என்ற வரி திரை அகலத்துக்குப் பெரிதாகி, மஞ்சள் வட்டத்துக்குள் நின்றது.

அன்றைக்கு வழக்கமான கும்பிடு பொம்மை வரவில்லை. சாயங்காலம் அண்ணியின் குரல் பதிவு ஒன்று வந்தது. மெதுவாக, யாருக்கும் கேட்கக் கூடாது என்கிற மாதிரிப் பேசியிருந்தார்.

"சுகன்யா, மூணாவதா ஒரு பேரு வருதே, அது நான்தானா?"

சாஃப்ட்வேர் மேல் போட்ட பழி

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். மற்றதெல்லாம் சிரிப்பு மானம், இது அப்படி இல்லை.

மாமியாரிடம் கேட்டேன். முறத்தில் உளுந்து பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிராமலே விவரம் சொன்னார். அண்ணி கையெழுத்துப் போட்டது வெறும் முத்திரைத்தாளில். பதிவு ஆபீசுக்குப் போய் விடுதலைப் பத்திரமாகப் பதிந்தால்தான் பெயர் போகும். அதற்கு அண்ணி நேரில் வர வேண்டும். "வான்னு கூப்பிட்டா எதுக்குன்னு கேப்பா. கேக்காதவளக் கேக்க வெக்கணுமா? முடிஞ்சிருச்சுன்னு சொன்னோம், சரின்னுட்டா." அப்புறம் உளுந்திலிருந்து ஒரு கல்லை எடுத்து வெளியே போட்டுவிட்டு, "மொதல்ல அத அழி. இல்லாட்டி பொட்டிய மூடு" என்றார். என் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். மெஷின் சத்தத்துக்கு நடுவில், "அம்மா சொல்றாப்ல செய்" என்று மட்டும் கேட்டது.

அழித்தேன். குரூப்பில், சேனலில், இரண்டு இடத்திலும். வேலை போய்விடுமே என்று அழித்தேன், அதை மறைக்க முடியாது. அதோடு நிற்கவில்லை. அண்ணிக்குப் போன் செய்து, "அந்த சாஃப்ட்வேர் சரியில்லண்ணி, பழைய விவரத்தப் புடிச்சுக் காட்டிருச்சு. வேற மாத்தப் போறேன்" என்றேன். திரையில் இருப்பதைத் தவிர வேறு எதையும் ரெக்கார்டருக்குப் பிடிக்கத் தெரியாது என்பது இந்தத் தொழிலில் இருக்கிற எவருக்கும் தெரியும். அண்ணிக்குத் தெரியாது என்று நம்பித்தான் சொன்னேன். அவர் கொடுத்த லேப்டாப் மேலேயே கையை ஊன்றிக்கொண்டு சொன்னேன்.

"அப்படியாம்மா, சரி. புள்ளய வெச்சுகிட்டுக் கஷ்டப்படற, அடுத்ததையாவது நல்லதா பாத்துப் போடு."

பள்ளிக்கூட நோட்டு

அடுத்த வாரம் அண்ணி வந்தார். எப்போதும் போல இனியாவுக்கு முறுக்கு, எனக்குக் கனகாம்பரம், மாமியாருக்கு வெற்றிலை. பையிலிருந்து எல்லாவற்றையும் எடுத்து வைத்த பிறகு, கடைசியாக அவர் பெண்ணின் பழைய பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்தார். நான் வீடியோவில் சொன்னது முழுவதும் அதில் இருந்தது. ஒன்று, மாவட்டம். இரண்டு, வட்டம். மூன்று, கிராமம். படத்தில் உள்ள எழுத்தை அப்படியே எழுதவும். நான் இருமிய இடத்தில்கூட ஒரு புள்ளி வைத்திருந்தார். அழிப்பதற்குள் நாலு தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாராம். நோட்டுக்குள் இரண்டாக மடித்த ஒரு தாள். அதில் எங்கள் வீட்டுச் சிட்டா. அவரே போனில் எடுத்து, நன்னிலத்தில் ஒரு கடையில் அச்சடித்து வாங்கியது.

மாமியார் தாளைக் கையில் வாங்கவில்லை. "இப்ப என்னாங்கற? நெலம் வேணுமா?" என்றார்.

"வேணும்னும் வரல, வேணாம்னும் வரலம்மா. பத்து வருசமா நம்ம வரப்புல செருப்பக் கழட்டிட்டு, வயல்ல கால வெக்கலாமா வேணாமான்னு நின்னுட்டுப் போனேன். வெக்கலாமான்னு கேக்க வந்தேன்."

மாமியார் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். போனவர் சும்மா இருக்கவில்லை, அண்ணிக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்புக்குப் புளி கரைக்கிற சத்தம் கேட்டது. என்னால் தலை நிமிர முடியவில்லை. சாஃப்ட்வேர் மேல் பழி போட்டதற்கு மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணி நோட்டை என் மடியில் வைத்தார்.

"நீ நல்லாப் புரியற மாதிரிதான் சொல்லிக் குடுத்திருக்க, எனக்கே வந்துருச்சு பாரு. சாஃப்ட்வேர் மேல ஒரு தப்பும் இல்ல, அதையே வெச்சுக்க."

சாப்பிட்ட பிறகு அண்ணி வயலுக்குப் போனார். சம்பா நட்டு ஒரு மாதம், பயிர் முழங்காலுக்குக் கீழே நின்றது. செருப்பை வரப்பில் விட்டுவிட்டு உள்ளே இறங்கிக் கொஞ்சம் கோரைக் களை பிடுங்கிப் போட்டுவிட்டு வந்தார். பத்திரம் பதிவதா, பங்கு பிரிப்பதா என்பது இன்னும் முடிவாகவில்லை. தை பிறக்கட்டும் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். இந்தத் தடவை அண்ணியையும் உட்கார வைத்துப் பேசுகிறார்கள். எண்களை மட்டும் மறைத்துவிட்டு, அண்ணி பெயர் தெரிகிற மாதிரியே, அவரிடம் கேட்டுக்கொண்டு, வீடியோவைத் திரும்பப் போட்டேன். அதைப் பார்த்துவிட்டு இரண்டு பெண்கள் அவரவர் அப்பா ஊர் சிட்டாவை எடுத்துத் தரச் சொல்லி சென்டருக்கு வந்தார்களாம். வேலை நிரந்தரம் என்று மேடம் சொன்னார். லேப்டாப்பை மூடவா என்று மாமியாரிடம் நானே கேட்டேன். "வெளில போறதுக்கு இந்த வீட்ல இனிமே என்ன இருக்கு, பேசித் தொல" என்றார்.

ஆகவே எந்த ரெக்கார்டர் நல்லது என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: எல்லாமே நல்லதுதான், சிவப்புப் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் உங்கள் வீட்டுப் பட்டாவை மட்டும் ஒரு தடவை படித்துவிடுங்கள்.